மரச்சட்டம் போட்ட பழைய மொறிஸ் ட்ரவலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் எங்கள் வீட்டு வாசலில் 1968இல் செய்த மொறிஸ் மைனர் ட்ரவலர் ஒன்று நிற்கிறது. பச்சை நிறம். இடப்பக்கக் கதவு மட்டும் வேறொரு பச்சை, அது இன்னொரு காரில் இருந்து வந்த கதவு. பின்பாதி முழுக்க மரச்சட்டம். பெற்றோல் அடிக்கப் போனாலும் சரி, கோயில் வாசலில் நிறுத்தினாலும் சரி, யாராவது வந்து கதைக்காமல் போவதில்லை. அவர்கள் கேட்டவற்றையும், வாங்கும் எண்ணத்தோடு விசாரித்தவர்கள் கேட்டவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன கார்? யாராவது மரத்தால் செய்து பின்னுக்குப் பூட்டினார்களா?

இல்லை, தொழிற்சாலையில் இருந்து வரும்போதே இப்படித்தான் வந்தது. மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிறகு மினி என்ற குட்டிக் காரைச் செய்தவரும் அவர்தான். மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. மாதிரிக் காரைப் பார்த்து அகலம் போதாது என்று நினைத்த இஸிகோனிஸ், அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நடுவில் நான்கு அங்குலம் சேர்த்தார். முன் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்தக் கதையின் அடையாளம். யாராவது மைனரின் முன் நின்றால் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

பின்பக்கம் நீண்ட, சாமான் ஏற்றும் வகையான ட்ரவலர் 1953இல் வந்து 1971 வரை செய்யப்பட்டது. மைனர்கள் மொத்தம் 16 லட்சத்துக்கு மேல். அதில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவை ட்ரவலர்கள்.

எந்த வருடத்துக் காரை வாங்கலாம்?

முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தால் 1956க்கு முந்தியது. பக்கத்தூணில் இருந்து கை நீட்டுவது போலத் திரும்பும் சைகை விளக்கு இருந்தால் 1961க்கு முந்தியது. இரண்டும் பார்க்க மிக அழகு. ஆனால் நாளாந்தம் ஓட்டுவதற்கென்றால் 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி எஞ்சின் காரை வாங்குங்கள். முந்திய 803 சிசி எஞ்சின் லண்டன் மேட்டுத்தெருக்களில் திணறும். 948 நல்ல எஞ்சின்தான், ஆனாலும் 1098க்கு இழுவை கூட, முன் பிறேக்கும் பெரிது.

வருடத்தைவிட முக்கியமானது மரம். மரம் நல்லதாக இருக்கும் 1957, மரம் உக்கிய 1970ஐவிட எவ்வளவோ மேல்.

மரம் வெறும் அலங்காரம்தானே?

இதைத்தான் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அதிகம் பேர் கேட்கிறார்கள். அலங்காரம் இல்லை. கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் முழு உடலையும் அந்த மரம்தான் தாங்குகிறது. ஆஷ் என்ற மரம் அது. வளைந்து கொடுக்கும், இலகுவில் முறியாது. கோடரிப் பிடியும் ஹொக்கி மட்டையும் அதில் செய்வது அதனால்தான். அந்தச் சட்டங்களுக்கு இடையில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். கூரையையும் பின்கதவுகளையும் பக்கக் கண்ணாடிகளையும் தாங்குவது மரம். ஆகவே மரம் உக்கினால் உடல் தளரும், வாகனப் பரிசோதனையிலும் தேறாது. கறள் பிடித்த சட்டகத்தை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் உக்கிய மரத்தையும் பார்ப்பார்கள்.

மரம் உக்குவது மேலிருந்து கீழே. பின்பக்கக் கண்ணாடிகள் பக்கவாட்டில் நகரும் வகை. அவை ஓடும் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தங்கும். அங்கிருந்து மெல்ல மெல்ல மூட்டுகளுக்குள் இறங்கி, கடைசியில் அடிச்சட்டத்தில் போய் நிற்கும். வெளியே வார்னிஷ் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் ஊறிப்போயிருக்கும். மூட்டுகளைச் சுற்றிக் கறுப்பு நிறம் படர்ந்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சாம்பல் நிறம் பரவாயில்லை, அது வெயிலும் மழையும் பட்டதால் வருவது. கறுப்பைக் கண்டால் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அந்தத் துண்டின் கதை முடிந்தது.

வார்னிஷா எண்ணெயா என்று மைனர்காரர்கள் மணிக்கணக்காக வாதாடுவார்கள். என் முடிவு எண்ணெய்ப் பூச்சு. தொழிற்சாலை வார்னிஷ்தான் அடித்தது, அது அழகும்கூட. ஆனால் வார்னிஷ் ஒரு மயிரிழை வெடித்தாலே தண்ணீரை உள்ளே விட்டு மூடிக்கொள்ளும். எண்ணெய்ப் பூச்சு மங்கும், ஆனால் மங்கிய இடத்தை ஒரு சனிக்கிழமை காலையில் தேய்த்து மறுபடி பூசிவிடலாம். என் காரின் மரம் தேன் நிறத்தில் மினுங்குவதில்லை, பழைய வீட்டு வாசற்படி மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு மூட்டுக்கூட ஆடவில்லை.

மரத்தில் பாசி முளைக்குமாமே, உண்மையா?

உண்மை. கண்ணாடிப் பள்ளத்தில் பச்சைப் பாசி வளரும், சில கார்களில் சின்னச் செடிகூட எட்டிப் பார்க்கும். பார்ப்பவர்களுக்கு அது பிடிக்கும், படம் எடுப்பார்கள். தயவுசெய்து விட்டுவைக்காதீர்கள். பாசி இருக்கும் இடத்தில் ஈரம் காய்வதில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். துப்புரவாக்கியபின் ஒரு குவளை தண்ணீரை ஊற்றி, அது வெளியே வழிகிறதா என்று பாருங்கள்.

வாங்கப் போகும்போது எங்கே பார்க்க வேண்டும்?

பழைய உடுப்போடு போங்கள். கீழே படுக்க வேண்டியிருக்கும்.

வெளித்தகட்டில் உள்ள கறளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன் மட்காட்டுகளைத் திருகாணி கழற்றி மாற்றிவிடலாம். பார்க்க வேண்டியது அடியில்: பக்கவாட்டு வாசற்சட்டங்கள், நடுவில் குறுக்காகப் போகும் சட்டம், பின் வில் தகடுகள் பூட்டியிருக்கும் இடம். ஜக் வைத்துத் தூக்கும் இடம் அந்தக் குறுக்குச் சட்டத்தின் நுனியில்தான் இருக்கிறது. அங்கே ஜக்கை வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். கார் எழும்பாமல் ஜக் உள்ளே போனால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

பிறகு சாரதி காலடியில் உள்ள விரிப்பைத் தூக்குங்கள். அதற்குக் கீழே நிலத்தகட்டில் ஒரு மூடி இருக்கும். பிறேக் எண்ணெய்க் கலன் அங்கேதான். பல சொந்தக்காரர்களுக்கே அது தெரியாது. உள்ளே எண்ணெய் சுத்தமாக இருந்தால் காரைக் கவனித்து வைத்திருந்தவர் கையில் இருந்து வாங்குகிறீர்கள்.

நான் 2011இல் வாங்கியபோது பக்கச் சட்டம் நன்றாகத்தான் தெரிந்தது. புதிய வார்னிஷ், நல்ல நிறம். மூன்று மாதம் கழித்து ஒரு மழை நாளில் பின்கதவு சாத்த மறுத்தது. விரலால் குத்திப் பார்த்தேன். மரம் இருந்த இடத்தில் ஓட்டை அடைக்கும் பசையை நிரப்பி, மேலே மரக்கோடு மாதிரி நிறம் தீட்டியிருந்தார்கள். வலப்பக்க அடிச்சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு நான் யாருக்காகக் கார் பார்க்கப் போனாலும் ஒரு சின்னக் காந்தத்தையும் மழுங்கிய திருகியையும் கொண்டுபோகிறேன். காந்தம் தகட்டுக்கு, திருகி மரத்துக்கு. விற்பவரிடம் கேட்டுவிட்டு மெல்ல அழுத்துங்கள். நல்ல ஆஷ் திருகியைத் தடுக்கும்.

முன்சில்லு திடீரென்று மடிந்து விழும் என்கிறார்களே?

அதுவும் உண்மைதான். ஆனால் தவிர்க்க முடியாத விஷயம் இல்லை. முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த கால் ஒன்று உண்டு. அதன் மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும். அந்த மரைகள் ட்ரனியன் எனப்படும் துண்டுகளுக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் எல்லாம் சுழல்கிறது. கிறீஸ் இல்லாமல் விட்டால் மரை தேயும், தேய்ந்த மரை ஒருநாள் கழன்றுவிடும், சில்லு மட்காட்டுக்குள் மடிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாக ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போதுதான் நடக்கும். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தடுக்கும் வழி ஒரு கிறீஸ் துப்பாக்கி. நான் ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை அடிக்கிறேன். முக்கியமான விஷயம், காரின் முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கும்போது அடிக்க வேண்டும். நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் சரியாகப் போகாது. பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடியுங்கள். இருபது நிமிட வேலை. இந்தக் காரில் ஒரே ஒரு வேலைதான் தவறாமல் செய்வேன் என்று நீங்கள் முடிவெடுத்தால் அது இதுவாக இருக்கட்டும்.

பிறேக் பிடிக்குமா?

பிடிக்கும், ஆனால் உங்கள் காலில் பலம் வேண்டும். நான்கு சில்லிலும் டிரம் பிறேக், உதவி செய்யும் சேர்வோ கிடையாது. எல்லாச் சில்லுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும், கைப்பிறேக் மட்டும் மிஞ்சும். அதனால் குழாய்களையும் சில்லுச் சிலிண்டர்களையும் சந்தேகம் வந்த அன்றே மாற்றுங்கள். முன்னால் போகும் புதிய காருக்கும் உங்களுக்கும் இடையில் வழமையைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிக்குள் யாராவது நுழைவார்கள். நுழையட்டும், மறுபடி பின்வாங்குங்கள்.

ஓட்டுவதற்கு எப்படி இருக்கும்?

இஸிகோனிஸ் இந்தக் காருக்கு ராக் அன்ட் பினியன் ஸ்டியரிங் கொடுத்தார், அதாவது சின்னப் பற்சக்கரம் ஒன்று பல் வெட்டிய தண்டை நேராக அசைத்துச் சில்லைத் திருப்பும் வகை. 1948இல் மலிவான குடும்பக் காருக்கு அது பெரிய விஷயம். இன்றும் கிராமத்து வளைவுகளில் கையில் நூல் பிடித்து இழுத்த மாதிரித் திரும்பும். முதல் கியருக்கு ஒத்திசைப்பு, அதாவது கியர்ச் சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் பொறி, இல்லை. கார் முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் கரகரவென்று கத்தும். இரண்டு கிழமையில் பழகிவிடும். அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போது புகைக்குழாயில் இருந்து பர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். மைனரைப் பார்க்காமலே மைனர் என்று சொல்ல வைக்கும் சத்தம் அது.

மோட்டார்வேயில் மணிக்கு 55 மைலில் சந்தோஷமாகப் போகும். அதற்கு மேல் போகும், ஆனால் உள்ளே கதைக்க முடியாது. எங்கள் அம்மா பின்னால் இருந்தால் ஐம்பதுக்கு மேல் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை இந்தக் கார்கள்தானா?

ஆம், இந்தக் குடும்பத்துக் கார்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமல் போனபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள்தான் குடாநாட்டில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும், கண்ணை எரிக்கும் மணமும். கலியாண வீட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும், இடப்பெயர்வுக்கும் அவைதான் போயின. இவ்வளவு எளிமையான எஞ்சின் இல்லையென்றால் அது நடந்திருக்காது. நான் சின்ன வயதில் அந்தக் கார்களின் பின்சீற்றில் நான்கு பேருக்கு நடுவில் நெருங்கிப் போனவன். லண்டனில் ஒரு மைனர் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது நடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இதை வாங்கியதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 1990களில் பிரித்தானிய மைனர்களுக்கான உடல் தகடுகள் இலங்கையில் ஒரு சிறு தொழிற்சாலையில் செய்யப்பட்டு இங்கே வந்தன.

இங்கே தயவுசெய்து மண்ணெண்ணெய் விட்டுப் பார்க்காதீர்கள். ஒயில் நீர்த்து எஞ்சின் தேயும், சட்டமும் விடாது.

எந்தப் பெற்றோல் அடிக்க வேண்டும்?

2021 செப்டம்பரில் இருந்து இங்கே சாதாரணப் பெற்றோலில் பத்து வீதம் வரை எத்தனோல் கலக்கிறார்கள். பழைய இறப்பர்க் குழாய்களை அது கரைக்கும், வெடிக்க வைக்கும். அதனால் ஐந்து வீதம் வரை மட்டும் கலந்த சூப்பர் வகையை அடியுங்கள். தாங்கி சின்னது, ஆறரை கலன், ஆகவே விலை வித்தியாசம் பெரிதாக உறைக்காது. எப்படியும் குழாய்களைப் புதிய எத்தனோல் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மலிவான வேலை, ஆனால் எஞ்சினுக்கு மேலே பெற்றோல் ஒழுகுவது விளையாட்டில்லை.

இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. 2000ஆம் ஆண்டில் இருந்து அது சாதாரண பம்புகளில் இல்லை. சிலிண்டர் ஹெட்டில், ஈயம் இல்லாமலே தேயாத கடினமான வால்வு இருக்கைகள் (வால்வு வந்து மூடும் விளிம்புகள்) போட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஈயத்துக்கு மாற்றான திரவத்தை ஒவ்வொரு தடவையும் கலந்து ஓட்டலாம்.

வீதி வரி, பரிசோதனை, யூலெஸ் கட்டணம் எல்லாம் எவ்வளவு?

40 வருடம் கடந்த கார் என்பதால் வரலாற்று வாகன வகையில் பதியலாம், வீதி வரி இல்லை. கட்ட வேண்டிய காசு எதுவும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் போட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். யூலெஸ் என்பது புகை கூடிய வாகனங்களுக்கு லண்டனில் அறவிடும் நாள் கட்டணம். அது 2023 ஓகஸ்டில் லண்டனின் எல்லாப் பேரூர்களுக்கும் விரிந்தபோது, அயலில் பலர் தங்கள் டீசல் கார்களை விற்றார்கள். ட்ரவலருக்கு நாளுக்கு பன்னிரண்டரைப் பவுண்ஸ் கட்டணம் கிடையாது, வரலாற்று வாகனங்களுக்கு விலக்கு உண்டு.

பெரிய மாற்றங்கள் செய்யாத காரென்றால் 2018இல் இருந்து வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. நான் ஒவ்வொரு வருடமும் கொண்டுபோகிறேன். காரை உயரத்தில் ஏற்றி இன்னொருவர் விளக்கைப் பிடித்துப் பார்ப்பதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

பிள்ளைகளை ஏற்றலாமா?

எங்கள் காரில் முன்னால் மட்டும் பெல்ட் இருந்தது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெல்ட்டும் பிள்ளை இருக்கையும் இல்லாமல் ஏற்றச் சட்டம் இடம் தராது. பின்னுக்குப் பெல்ட் பூட்டலாம், ஆனால் ஒருபோதும் மரத்தில் பூட்டாதீர்கள். பலமான உலோகத்தில், தெரிந்தவர் கையால் பூட்ட வேண்டும். நாங்கள் பூட்டினோம். அதன் பிறகும் சிறுபிள்ளைகளோடு தூரப் பயணத்துக்கு இதை எடுப்பதில்லை. காற்றுப்பையும் மோதலைத் தாங்கும் வடிவமைப்பும் இல்லாத கார் இது. அன்பு வேறு, இது வேறு.

பற்றரி, விளக்கு, றேடியோ?

இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு நேரெதிர். இதை அறியாமல் தொலைபேசி மின்னேற்றியோ றேடியோவோ பூட்டினால் எரிந்துவிடும். பற்றரியைத் தலைகீழாக இணைத்த மெக்கானிக்குகளும் உண்டு. முன் மூடிக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

திறப்பைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று கேட்பது மின் பெற்றோல் பம். நெடுநாள் நிறுத்தினால் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். சத்தம் வரவில்லை என்றால் ஸ்பானரால் மெதுவாக ஒரு தட்டு. ஒரு மார்கழி இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் அப்படித் தட்டித்தான் வீடு வந்தேன். அடுத்த நாளே தொடுமுனைகளைச் சுத்தம் செய்தேன்.

உதிரிப்பாகம் கிடைக்குமா?

இந்தக் கவலையே வேண்டாம். திருகாணியில் இருந்து முழு மரச்சட்டம் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். எஞ்சினோ, மினியில் 2000ஆம் ஆண்டு வரை போட்ட அதே ஏ வகைக் குடும்பம். முழு மரச்சட்டத்தை மாற்றுவதுதான் செலவு, கூலியோடு ஆயிரக்கணக்கான பவுண்ஸ் போகும். ஆஷ் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் 2012இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. வீதியோரத்தில் மொட்டையாக நிற்கும் ஆஷ் மரங்களைக் காணும்போது எனக்கு மனது கனக்கும், கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஏன் இதை முழுதாகத் திருத்திப் புதிது மாதிரி ஆக்கவில்லை?

ஆக்கினால் மழையில் எடுக்க மனம் வராது. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அப்படி ஆக்கிய பலர் காரைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறார்கள். ஓடாத காரில் பிறேக் சிலிண்டர் இறுகும், இறப்பர் வெடிக்கும், ஈரம் தங்கும். என் காசு முதலில் அடிச்சட்டத்துக்கும் மரத்துக்கும் பிறேக்குக்கும் ட்ரனியனுக்கும் போகிறது. நிறத்துக்கு மிஞ்சுவதில்லை. இரண்டு பச்சைக் கதவோடு இது கிழமைக்கு நான்கு நாள் ஓடுகிறது.

குளிர்காலத்தில் வீதியில் உப்புப் போட்ட நாட்களில் மட்டும் எடுப்பதில்லை. எடுக்க நேர்ந்தால் வந்ததும் அடிப்பகுதியைக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுவேன்.

என்ன ஏற்றலாம்?

பின்சீற்றை மடித்தால் தட்டையான தளம். பின்கதவுகள் இரண்டும் அலுமாரிக் கதவு மாதிரிப் பக்கத்துக்குத் திறக்கும், தூக்கத் தேவையில்லை. இதுவரை ஏற்றியவை: திருவிழாவுக்கு ஐம்பது தேங்காய், ஒரு தையல் மெஷின், மிருதங்க வகுப்புப் பிள்ளைகளின் மூன்று மிருதங்கம், வாழை மரம் இரண்டு. வாழை இலை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து பஸ் சாரதி கண்ணாடியை இறக்கி, தன் தாத்தாவிடமும் இதே கார் இருந்தது என்றார்.

அண்ணை, ஒருக்கா ஓட்டிப் பார்க்கலாமா?

காப்புறுதி என் பெயரிலும் மனைவி பெயரிலும்தான் இருக்கிறது, அதனால் ஓட்டத் தர முடியாது. ஆனால் ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போகிறேன். முன்சீற்றில் ஏறுங்கள். இடப்பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும்.